தகர ஷெட்டுல நாலு மாசம்: விக்காம கிடந்த கார் பேட்டரிங்க பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில ஒரு பேட்டரி கடை. கார், லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர்னு எல்லாத்துக்கும் பேட்டரி விக்கிறவங்க, பழசை எடுத்துக்கிட்டு புதுசு குடுக்கறதும் உண்டு. முன்னாடி சின்னக் கடை, கான்கிரீட் கூரை. பின்னாடி ஸ்டாக் வைக்க தகர ஷீட் போட்ட ஷெட், ஜன்னல் கிடையாது. கடைக்காரர் ரொம்ப வருஷமா இந்தத் தொழில்ல இருக்காரு, குடோனை அவரோட மச்சினன் பார்த்துக்கிறாரு. அவங்களுக்கு சார்ஜிங் பெஞ்ச் அமைச்சுக் குடுத்தவன் நான்ங்கிறதால பிரச்சனை வந்தப்ப கூப்பிட்டாங்க. சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோட எழுதறேன், பேர் யாருக்கும் போடல.

மார்ச் மாசம்னா டீலருங்களுக்கு டார்கெட் மாசம். வருஷக் கணக்கு முடியறதுக்குள்ள இத்தனை பீஸ் எடுத்தா இவ்வளவு தள்ளுபடின்னு டிஸ்ட்ரிபியூட்டர் சொல்லுவாங்க, எல்லாரும் தேவைக்கு மேல இறக்கி வைப்பாங்க. இவரும் 2020 பிப்ரவரி கடைசிலயும் மார்ச் ஆரம்பத்துலயும் நிறைய இறக்கிட்டாரு. கார் பேட்டரி, எல்லாம் மெயின்டனன்ஸ் ஃப்ரீ, கடைகள்ல எம்எஃப்னு சொல்றது, 70க்கு மேல. அது தவிர தண்ணி ஊத்துற டைப் லாரி, டிராக்டர் பேட்டரி 20 சொச்சம். மார்ச் 24 சாயந்திரம் 144 போட்டாங்க, மறுநாள்ல இருந்து நாடு முழுக்க ஊரடங்கு, ஷெட்டைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனவங்கதான்.

மே மாசம் தளர்வு வந்து கடை திறந்தா கூட்டம்னா கூட்டம். தெருவுல ரெண்டு மாசமா நின்ன கார்ல பாதிக்கு செல்ஃப் எடுக்கல, எல்லாருக்கும் பேட்டரி வேணும். முன்னாடி கடையில இருந்தது மொதல்ல தீர்ந்துச்சு, அப்புறம் ஷெட்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பார்ப்பாங்க, குறைவாக் காட்டினா ஒரு மணி நேரம் பூஸ்ட் சார்ஜ்ல, அதாவது அதிக கரண்ட்ல வேகமா ஏத்தறதுல, போட்டு எடுத்துக் குடுத்துருவாங்க. ஜூன் கடைசில மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை நடுவுலதான் விட்டாங்க. அதுக்குள்ள புகார் வர ஆரம்பிச்சிருச்சு. மே, ஜூன்ல புது பேட்டரி வாங்கிட்டுப் போனவங்கள்ல 9 பேர் திரும்பி வந்தாங்க, காலைல செல்ஃப் அடிச்சா டக்டக்னு சத்தம் மட்டும் வருது, எஞ்சின் சுத்தலன்னு.

மொதல்ல சொன்ன காரணங்கள்

கடைக்காரர் சொன்னது, பேட்டரிய வெறும் சிமென்ட் தரையில வச்சுட்டோம், தரை இழுத்துருச்சு. இத நீங்க எந்த ஊர் பேட்டரி கடையிலயும் கேட்கலாம், பலகை போட்டு மேலதான் வைப்பாங்க. மச்சினன் சொன்னது, கம்பெனியே மட்டமான லாட்டை நம்ம தலையில கட்டிட்டான். கடைல வேலை பார்க்கிற பையன் சொன்னது, வண்டிலதான் கரண்ட் லீக் ஆகுது, பேட்டரி மேல தப்பே இல்ல.

மூணுமே நடக்க வாய்ப்பு இருக்கிற மாதிரிதான் தோணும், ஆனா ஒண்ணுக்கொண்ணு வேற வேற வைத்தியம். தரைன்னா பலகை, கம்பெனின்னா கிளெய்ம், வண்டின்னா எலக்ட்ரீஷியன். அதனால எதையும் சார்ஜ் போடாதீங்க, ஷெட்ல இருக்கிறத இருக்கிறபடியே விடுங்க, மொதல்ல அளக்கலாம்னு சொன்னேன். கடைக்காரருக்கு அதுல பெருசா விருப்பமில்ல, வாசல்ல ஆளு நிக்குதுல்ல. ஆனா சார்ஜ் போட்டுட்டா தடயம் பூரா போயிரும்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாரு.

ஷெட்ல பார்த்தது

ரேக்ல மூணு அடுக்கு. தரை அடுக்கு சிமென்ட் மேலயே நேரா இருக்கு, நடு அடுக்கு ஒரு ஆள் இடுப்பு உயரம், மேல் அடுக்கு தகரத்துக்கு ரெண்டு அடி கீழ. ஒவ்வொரு பேட்டரிக்கும் எந்த அடுக்கு, தயாரிச்ச மாசத்தோட கோட் நம்பர் என்ன, ஓப்பன் வோல்டேஜ் (எதுவும் மாட்டாம அளக்கிற வோல்டேஜ்) என்னன்னு மாஸ்கிங் டேப் ஒட்டி அதுலயே எழுதிட்டோம். சாதாரண சுவர் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்கி, ஒண்ணை மேல் அடுக்குல நூல்ல கட்டி, இன்னொண்ணை தரையில வச்சோம். மத்தியானம் 3 மணிக்கு மேல் அடுக்குல 46 டிகிரி, தரையில 36. இது ஜூலைல. கத்திரி வெயில் நேரத்துல பூட்டிக் கிடந்தப்ப என்ன இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வோல்டேஜ் கணக்கு தெரியாதவங்களுக்காக ஒரு வரி. 12 வோல்ட் பேட்டரில ஆறு செல், நல்லா ரெஸ்ட் ஆன முழு சார்ஜ் பேட்டரி 12.6ல இருந்து 12.7 காட்டும், 12.4ன்னா சுமார் முக்கால், 12.2ன்னா பாதி, 12.0ன்னா கால்வாசி, அதுக்குக் கீழ போச்சுன்னா காலின்னே வச்சுக்கலாம். பார்க்கத்தான் அரை வோல்ட் வித்தியாசம், உள்ள கிட்டத்தட்ட மொத்த சரக்கும் போயிருக்கும்.

தரை அடுக்குல இருந்ததெல்லாம் 12.40, 12.45, சிலது 12.48. நடு அடுக்கு 12.35 பக்கம். மேல் அடுக்கு 12.15ல இருந்து 12.28, நாலஞ்சு 12க்கும் கீழ. தரைதான் இழுத்துச்சுன்னா தரையில இருந்ததுதான் மொதல்ல செத்திருக்கணும். இங்க அப்படியே தலைகீழ். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, தரை அடுக்குல இருந்தது நவம்பர், டிசம்பர் தயாரிப்பு, அதாவது பழசு, மேல இருந்தது ஜனவரி, பிப்ரவரி தயாரிப்பு. கீழ நிரம்பினதுக்கு அப்புறம் வந்த லோடு மேல ஏறியிருக்கு. வயசுல சின்னது, சார்ஜ்ல மோசம். கடைக்காரர் டேப்பை எல்லாம் ஒரு தடவ படிச்சுப் பார்த்துட்டு, "அப்ப தரைதான் காப்பாத்திருக்குன்னு சொல்றியா தம்பி?"ன்னு கேட்டாரு. சிரிக்கல அவரு. ஆமாண்ணே, கிட்டத்தட்ட அப்படித்தான், தரை குளுமையா இருந்துச்சு, அவ்வளவுதான் அது பண்ணதுன்னு சொன்னேன்.

சிமென்ட் தரை கதை பொய்னு ஒரேயடியாவும் சொல்ல முடியாது, ஒரு காலத்துல பேட்டரி மரப்பெட்டில வந்துச்சு, அப்புறம் எபோனைட் ரப்பர் டப்பால, அதெல்லாம் ஈரம் பட்டா கசிவு கரண்ட் போக வாய்ப்பு இருந்த டப்பாக்கள். இப்ப வர்றது பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக், அது வழியா தரைக்கு ஒண்ணும் போகாது.

பச்சைக் கண்ணு ஒரு பெரிய ஏமாத்து. எம்எஃப் பேட்டரி மேல வட்டமா ஒரு கண்ணாடி இருக்கும், பச்சைன்னா நல்லது, கறுப்புன்னா சார்ஜ் போடுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். மச்சினன் இத்தனை நாளா அதைப் பார்த்துத்தான் எடுத்துக் குடுத்திருக்காரு. உள்ள ஒரு சின்ன பச்சை உருண்டை, ஆசிட் அடர்த்தியா இருந்தா மிதக்கும், நீர்த்துப் போனா இறங்கிரும், அவ்வளவுதான் அதோட வேலை. ஆறு செல்லுல ஒரே ஒரு செல்லைத்தான் அது பார்க்குது, அதுவும் சுமார் 65 சதவீதம் சார்ஜ் வரைக்கும் பச்சையாவே நிக்கும். அதனால 12.40 காட்டுன எல்லாமே பச்சை, முக்கால் சார்ஜ்ல உக்காந்து பிளேட்ல சல்பேட் உப்பு கட்டிக்கிட்டு இருக்குங்கிறத அந்தக் கண்ணு சொல்லவே சொல்லாது.

லாரி, டிராக்டர் பேட்டரிங்க நிலைமை இதைவிட மோசம், பாதிக்கு மேல 12க்குக் கீழ. அதுல ஒண்ணு காட்டணும். மூடி மேல தூசியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படலம். மீட்டரோட ஒரு முனைய மைனஸ் டெர்மினல்ல வச்சுட்டு இன்னொரு முனைய டெர்மினல் எதுலயும் படாம, மூடி மேல சும்மா தேய்ச்சா 2 வோல்ட், 3 வோல்ட்னு காட்டுது. பிளாஸ்டிக் மூடில வோல்டேஜ்! அந்தப் படலம் வழியா ப்ளஸ்ல இருந்து மைனஸுக்கு ராவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. சோடா உப்பு கரைச்ச தண்ணில துடைச்சுட்டு மறுபடி வச்சா ஒண்ணும் காட்டல. பையன் வாயைத் திறந்துட்டுப் பார்த்தான்.

திரும்பி வந்த 9 பேட்டரி

வண்டியயும் சேர்த்துக் கொண்டாரச் சொல்லிப் பார்த்தோம். சாவிய எடுத்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் விட்டுட்டு மைனஸ் கேபிள்ல மீட்டரை சீரீஸ்ல போட்டு அளக்கணும், கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20ல இருந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்கறது சாதாரணம். 7 வண்டில அவ்வளவுதான் இருந்துச்சு. ரெண்டு வண்டில மட்டும் அதிகம், ஒண்ணுல வெளிய போட்ட மியூசிக் சிஸ்டத்தை சாவி லைன்ல குடுக்காம நேரா பேட்டரில குடுத்திருக்காங்க, 90 மில்லி ஆம்பியர் ஓடிக்கிட்டே இருக்கு. கேட்க சின்னதாத் தெரியும், ஒரு நாளைக்கு ரெண்டு ஏஹெச்சுக்கு (ஆம்பியர்-ஹவர், பேட்டரி கொள்ளளவு அளக்கிற கணக்கு) மேல, ஒரு வாரம் நின்னா 15 ஏஹெச், 35 ஏஹெச் பேட்டரில கிட்டத்தட்ட பாதி. ஆக பையன் சொன்னதும் ரெண்டு வண்டி அளவுக்கு சரிதான்.

மிச்ச 7 எங்க இருந்து போச்சுன்னு மச்சினன்கிட்ட கேட்டேன், எப்படி எடுப்பீங்கன்னு. "மேல இருந்துதான் மாமா எடுக்கச் சொல்லுவாரு, கீழ உள்ளத உருவ முடியாதுல்ல"ன்னாரு. அதுதான் விஷயம். கடைசியா வந்து, தகரத்துக்குப் பக்கத்துல வெந்து, சார்ஜ் அதிகமா இழந்ததுதான் எப்பவும் மொதல்ல விக்கப் போகுது. கீழ இருக்கிற பழசு அங்கயே கிடக்குது.

சும்மா வச்ச பேட்டரி ஏன் இறங்குது

ஒயர் எதுவும் மாட்டலன்னாலும் உள்ள வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். நெகட்டிவ் பிளேட்ல இருக்கிற ஈயம் ஆசிட்டோட மெதுவா சேர்ந்து லெட் சல்பேட்டா மாறும், ஹைட்ரஜன் கொஞ்சம் வெளிய போகும், பாசிட்டிவ் பக்கம் லெட் டையாக்ஸைடும் அதே மாதிரி. வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போது நடக்கிற அதே மாற்றம்தான், யாருக்கும் உபயோகமில்லாம நடக்குது. எம்எஃப்ல பிளேட்டோட கிரிட் கால்சியம் கலந்த ஈயம், 25 டிகிரி பக்கம் வச்சா மாசத்துக்கு 3ல இருந்து 5 சதவீதம் இறங்கும். பழைய தண்ணி ஊத்துற டைப்ல ஆன்டிமணி கலந்திருக்கும், அது மெதுவா நெகட்டிவ் பிளேட்டுக்குப் போய்ப் படிஞ்சு இந்த வேலைய வேகமாக்கும், அதனால இழப்பும் ரெண்டு மடங்கு, அதுக்கு மேலன்னு போகும். டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தினா அதுல இருக்கிற இரும்பு வேற சேர்ந்துக்கும்.

சூடு 10 டிகிரி ஏறினா இந்த வேகம் சுமாரா ரெட்டிப்பு ஆகும். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டாலே ஷெட் கணக்கு புரிஞ்சிரும், மேல் அடுக்குக்கும் தரைக்கும் மத்தியானத்துல 10 டிகிரி வித்தியாசம் இருந்துச்சுல்ல.

இறங்கறது பாதிப் பிரச்சனைதான், திரும்ப ஏத்திக்கலாம். இறங்கின நிலைமையிலயே வாரக்கணக்கா விட்டுட்டா சல்பேட் படிகம் பெருசாகி கெட்டியாகிரும், அப்புறம் சார்ஜரை மாட்டினாலும் கரைய மாட்டேங்கும், அதத்தான் பேட்டரி சார்ஜ் பிடிக்கலன்னு சொல்றோம்.

எடுத்த முடிவுகள்

மொதல் முடிவு, பூஸ்ட் சார்ஜ் போட்டு உடனே விக்கிறத நிறுத்தறது. இதுக்குத்தான் அதிகமா வாக்குவாதம் நடந்துச்சு. மச்சினன் கண்ணு முன்னாடியே 12.18 காட்டின ஒண்ணை ஒரு மணி நேரம் பூஸ்ட்ல போட்டு எடுத்தாரு, மீட்டர் 12.9 காட்டுச்சு, பாருங்க புதுசு மாதிரி இருக்குன்னாரு. அத அப்படியே ஒரு ராத்திரி விட்டோம், மறுநாள் காலைல 12.3. அந்த 12.9 பிளேட்டோட மேல்தோல்ல மட்டும் ஏறின சார்ஜ், உள்ள போகவே இல்ல. இதே நிலைமையிலதான் அந்த 7 பேட்டரியும் வண்டில ஏறியிருக்கு, புது பேட்டரிங்கிற நம்பிக்கையில வாங்கினவங்க ரெண்டு நாள் வண்டிய நிறுத்தினதும் செல்ஃப் போயிருக்கு.

ரெண்டாவது, எல்லாத்தையும் மெதுவா சார்ஜ் போடறது, ஏஹெச்ல பத்துல ஒரு பங்கு கரண்ட், 35 ஏஹெச்சுக்கு மூணரை ஆம்பியர். முடிச்சு 24 மணி நேரம் ரெஸ்ட் விட்டுட்டு வோல்டேஜ் பார்க்கணும், அப்புறம் லோட் டெஸ்ட், சிசிஏல (குளிர்ல செல்ஃப் அடிக்க பேட்டரி குடுக்கக்கூடிய கரண்ட், பேட்டரிக்குன்னு குறிச்ச ஆம்பியர் கணக்கு) பாதி கரண்ட்டை 15 செகண்ட் இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகக்கூடாது. இதுல தேறினாத்தான் புதுசுன்னு விக்கலாம். வாரக்கணக்குல ஆகுமே, அதுவரைக்கும் வர்ற ஆளை என்ன சொல்லி அனுப்பறதுன்னு கடைக்காரர் கேட்டாரு, நியாயமான கேள்விதான், டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து அன்னன்னிக்குத் தேவையானத மட்டும் புது லோடா எடுத்து ஓட்டறதுன்னு முடிவாச்சு. முன்ன அளவுக்கு லாபம் நிக்காது, தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டாரு.

மூணாவது, அந்த 7 பேருக்கும் காசு வாங்காம மாத்திக் குடுக்கறது. மியூசிக் சிஸ்டம் காரருக்கும் இன்னொருத்தருக்கும் பேட்டரிய சார்ஜ் போட்டுக் குடுத்து, ஒயரிங்கை சரி பண்ணச் சொல்லி அனுப்பினாங்க. கம்பெனில கிளெய்ம் கேட்டுப் பார்த்தாரு, ஸ்டாக்ல இறங்கினதுக்கு வாரன்டி கிடையாது, அப்பப்ப ரீசார்ஜ் பண்றது டீலர் வேலைன்னு பதில் வந்துச்சு. பேட்டரியோட வந்த தாள்லயும் அதேதான் போட்டிருக்கு, யாரும் படிக்கல.

அப்புறம் என்ன ஆச்சு

தரை, நடு அடுக்குல இருந்ததெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்லாம ஏறிருச்சு. மேல் அடுக்குலதான் பார்க்க வேண்டியிருந்துச்சு. சார்ஜரை மாட்டினதும் வோல்டேஜ் விர்ருன்னு 15க்கு மேல போயிரும், ஆம்பியர் முள்ளு மட்டும் பூஜ்யத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பார்க்கிறவங்க ஃபுல் ஆயிருச்சுன்னு கழட்டிருவாங்க. கழட்டாம வோல்டேஜை மட்டும் அடக்கி வச்சுட்டு விட்டோம், சிலதுல சாயந்திரத்துக்குள்ள முள்ளு அசைய ஆரம்பிச்சுச்சு, அரை ஆம்பியர், ஒண்ணு, ராத்திரிக்கு மேல ரெண்டு. படிகம் கரையுதுன்னு அர்த்தம். சிலதுல அசையவே இல்ல. கார் பேட்டரில 6 தேறல, தண்ணி டைப்ல 8. அதெல்லாம் பழைய ஈயக் கணக்குல எடை போட்டுப் போச்சு. அப்ப அமல்ல இருந்த 2001ம் வருஷ பேட்டரி விதிகள் படியே பழைய பேட்டரிய பதிவு பெத்த மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் அனுப்பணும்.

சார்ஜ் ஏறியும் லோட் டெஸ்ட்ல தடுமாறுனது கொஞ்சம் இருந்துச்சு. அத விலை குறைச்சு வித்துறலாம்னு மச்சினன் சொன்னாரு, கடைக்காரர் வேணாம் மாப்ள, நம்ம கடை ஸ்டிக்கர் ஒட்டித்தான போகும்னுட்டாரு. அதெல்லாம் இப்ப சர்வீஸ் பேட்டரி, கஸ்டமர் பேட்டரி சார்ஜ்ல இருக்கிற நேரம் வண்டி ஓட மாட்டிக் குடுத்து அனுப்பறது. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, நான் சொன்னது இல்ல, அவரே யோசிச்சது.

ஒரு முயற்சி சரி வரல. ஒவ்வொண்ணா மாட்டிக் கழட்ட சோம்பல்பட்டு மச்சினன் அஞ்சாறு பேட்டரிய பேரலலா, அதாவது ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ்னு, இணைச்சு ஒரே சார்ஜர்ல விட்டுட்டாரு. அதுல ஒண்ணுல ஒரு செல் ஷார்ட், மத்ததெல்லாம் சேர்ந்து அதுக்குள்ள கரண்ட்டைக் கொட்டி அது தொட முடியாத அளவுக்குக் கொதிச்சிருச்சு. ஜன்னல் இல்லாத ஷெட், ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி போதும், வாசல்ல ஒரு ஆளு பீடியோட நிக்கிறாரு. அன்னிக்கே சார்ஜிங்கை பூரா முன்பக்கம் மாத்தியாச்சு.

ஷெட்டுல தகரத்துக்கு மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு பக்கமும் காத்துப் போக ஓட்டை விட்டு, மேல் அடுக்கைக் கழட்டியே போட்டுட்டாங்க. அங்க இப்ப காலி அட்டைப்பெட்டி, கேபிள், கிளாம்ப் மட்டும்தான். மாசம் ஒரு தடவ டேப்ல வோல்டேஜ் எழுதறாங்க, 12.4க்கு வந்தா சார்ஜ். அடுத்த வருஷம் மே மாசத்துல மறுபடி ஊரடங்கு வந்துச்சுல்ல, அப்ப சரக்கு குறைவா இருந்துச்சு, மச்சினன் வாரம் ஒரு தடவ போலீஸ்கிட்ட சொல்லிட்டு வந்து மீட்டர் வச்சுட்டுப் போனாரு. அந்தத் தடவ ஸ்டாக்ல ஒண்ணு கூட சாகல.

மாத்திச் செய்ய வேண்டியது

மார்ச் தள்ளுபடிக்காக இறக்கற சரக்கு வெயிலுக்கு நேரா முன்னாடி வருதுங்கிறத யாரும் கணக்குல சேர்க்கறதே இல்ல. தள்ளுபடில மிச்சமானத விட 14 பேட்டரி எடைக்குப் போனதும் 7 மாத்திக் குடுத்ததும் அதிகம், கடைக்காரரே பேப்பர்ல போட்டுப் பார்த்தாரு. தண்ணி டைப்பை ஆசிட் ஊத்தாத ட்ரை சார்ஜ்ல வாங்கி, விக்கிற அன்னிக்கு ஆசிட் ஊத்தி சார்ஜ் போட்டுக் குடுக்கலாம், லாரிக்காரங்க அவசரத்துல வருவாங்கன்னு அவர் இன்னும் தயங்கறாரு. என் அபிப்ராயம், அந்த டைப்புக்கு இந்த ஊர் சூட்டுல வேற வழி இல்ல.

கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான், கூடவே வண்டியோட சொந்த இழுப்பும் சேரும். ஊரடங்குல நிறைய பேர் தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினாங்க. செல்ஃப் எடுத்ததை வேணா அந்த அஞ்சு நிமிஷம் திருப்பிக் குடுக்கும், முந்தின நாள் பூரா நின்னப்ப போனதை ஈடு கட்டறது கஷ்டம், அதுவும் ஐடிலிங்ல ஏசியயும் போட்டு உக்காந்திருந்தா சுத்தம். மாசக்கணக்குல நிக்கப் போகுதுன்னா மைனஸ் கேபிளைக் கழட்டி வைக்கலாம், ரேடியோவுக்கு ரகசிய கோட் நம்பர் இருக்கிற வண்டின்னா அத எழுதி வச்சுக்கணும். கழட்டினாலும் தானா இறங்கறது நிக்காது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டே ஆகணும்.

பில்லுல இப்ப விக்கிற தேதியோட தயாரிச்ச மாசத்தையும் கடைசியா சார்ஜ் போட்ட தேதியையும் எழுதிக் குடுக்கிறாரு. அதனால ஒரு தொந்தரவும் வந்துச்சு, தயாரிச்ச மாசத்தைப் பார்த்துட்டு நாலு மாசப் பழசு, விலையக் குறைன்னு பேரம் பேசறவங்க அதிகமாயிட்டாங்க. டேப்ல இருக்கிற வோல்டேஜைக் காட்டி, அவங்க முன்னாடியே மீட்டர் வச்சுக் காட்டறாரு. பாதிப் பேர் வாங்கிட்டுப் போறாங்க, மீதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய் தேதி எழுதாத பில்லோட வாங்கிக்கிறாங்க.